வளர்ந்த எண்ணெய்

என் மனைவி இறந்த பிறகு அவளுடைய காரைக் கொல்லத் தொடங்கியவர் அவளுடைய தம்பி. அன்பினால்தான் செய்தார் என்று ஊரில் சொல்கிறார்கள். நானும் மறுக்கவில்லை. ஆனால் எஞ்சினின் சிலிண்டர் சுவருக்கு அன்பு தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் எண்ணெய் இருக்கிறதா இல்லையா என்பது மட்டும்தான்.

நான் எஞ்சின்களைப் பற்றிக் கல்லூரியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன். முனைவர் பட்டமும் அந்தத் துறையில்தான். அவள் கால்நடை மருத்துவர். பாப்பிரெட்டிப்பட்டியைச் சுற்றியுள்ள ஊர்களிலும் சித்தேரி மலையடிவாரத்திலும் எந்த மாடு கன்று ஈன முடியாமல் கிடந்தாலும் அவளுடைய கார் போய் நிற்கும். ஓய்வு பெற்ற பிறகும் அப்படித்தான். கார் அவளுடையது. எனக்கு ஓட்டத் தெரியாது. கற்றுக்கொள்ள வேண்டும் என்று தோன்றியதும் இல்லை. எஞ்சின் வாத்தியாருக்குக் கார் ஓட்டத் தெரியாது என்பதை இந்த ஊரார் முப்பது வருடமாக ஒரு நகைச்சுவையாகச் சொல்லிவருகிறார்கள். வயிற்று நோய்க்கு வைத்தியம் பார்ப்பவரிடம் போய்ச் சாம்பார் வைக்கத் தெரியுமா என்று யாரும் கேட்பதில்லை. இந்த எளிய ஒப்புமை அவர்களுக்குப் பிடிபட்டதே இல்லை.

அந்தக் காரைப் பொறுத்தவரை எனக்கு இரண்டு வேலைகள் இருந்தன. அவள் கிளம்பும்போது வெளிக்கதவைத் திறந்துவிடுவது ஒன்று. எங்காவது சேர்ந்து போனால் இடப்பக்க இருக்கையில் உட்கார்ந்திருப்பது மற்றது.

அவள் ஆனி மாதத்தில் போனாள். அதைப் பற்றி எழுதப்போவதில்லை. உறவினர்கள் வந்தார்கள், சாப்பிட்டார்கள், எனக்கு அறிவுரை கூறினார்கள், போனார்கள். எங்கள் மகள் வெளிநாட்டிலிருந்து வந்து, கருமாதி முடிந்ததும் திரும்பிப் போக வேண்டியிருந்தது. தை மாதத்தில் அங்கே வேலையை முடித்துக்கொண்டு பெங்களூருக்கு வந்துவிடுவதாக ஏற்பாடு. கிளம்புகிற அன்று, பெட்டிகளை ஏற்றிய பிறகு, அவள் ஒன்றே ஒன்று கேட்டாள். நகை வேண்டாம், புடவை வேண்டாம், அம்மாவின் கார் மட்டும் வேண்டும். தான் வந்து ஓட்டிக்கொண்டு போகிற நிலையில் அது இருக்க வேண்டும். அந்தக் காரில்தான் அவளுடைய அம்மா அவளுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்திருந்தாள்.

இதை அவள் என்னிடம் கேட்கவில்லை. என் முன்னால், தன் தாய்மாமனிடம் கேட்டாள்.

"மாமா, வண்டிய மட்டும் பாத்துக்குங்க. நான் வர்ற வரைக்கும் அது நல்லா இருக்கோணும்."

"நீ எதுக்குங் கண்ணு கவலப்படற? எங்கக்கா வண்டி. கண்ணுல வெச்சுப் பாத்துக்கறேன்" என்றார் என் மைத்துனர். சாவியை வாங்கி, சட்டைப் பையில் போட்டு, பையின் மேல் கையை வைத்துக்கொண்டார்.

அவரைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். பாதைக்கு அந்தப் பக்கம்தான் அவருடைய வீடு. மஞ்சளும் மரவள்ளியும் போடுகிறவர். ஆறடிக்குக் குறையாத ஆள்; அதற்கேற்ற உடம்பு; அதைவிடப் பெரிய குரல். ஒன்றைச் சொன்னால் முழுவதும் கேட்டுக்கொண்டு, "சரிங்க மாமா" என்று தலையாட்டி, பிறகு தான் ஏற்கெனவே நினைத்ததைச் செய்கிறவர். இந்தக் குணத்தைப் பணிவு என்று அவருடைய உறவினர்கள் புரிந்துகொண்டிருக்கிறார்கள்.

மகள் போன மறுநாள் காலை ஆறு மணிக்குக் கார்க் கொட்டகையில் எஞ்சின் கிளம்பிய சத்தம் கேட்டது. நான் எழுந்து போய் வெளிக்கதவைத் திறந்தேன். திறந்த பிறகுதான் என்ன செய்கிறேன் என்பது விளங்கியது. மூடிவிட்டுக் கொட்டகையை நோக்கித் திரும்பினேன். அதற்குள் எஞ்சின் உச்சத்தில் அலறத் தொடங்கியிருந்தது. இரண்டு மூன்று முறை அலறிவிட்டு நின்றது. மைத்துனர் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார்.

"என்ன செய்யறீங்க?" என்று கேட்டேன்.

"எஞ்சின் படுத்துரக் கூடாதுங்களே மாமா. தெனம் ஒருக்கா உறும வுட்டாத்தான் உசுரோட இருக்கும்."

"ஓட்டறதா இருந்தா அரூர் வரைக்கும் ஓட்டிட்டு வாங்க. இல்லேன்னா தொடவே வேண்டாம். பேட்டரி ஒயரைக் கழட்டி வெச்சுட்டு அப்படியே விட்டுருங்க. இப்படிப் பச்சையா எழுப்பி, கத்த விட்டு, உடனே அணைக்கறது எஞ்சினுக்கு வெஷம்."

"ரோட்டுல எறக்கறதுங்களா?" அவர் உண்மையாகவே திகைத்துப்போனார். "அதெப்படிங்க? பாப்பா வந்து எடுக்கற வரைக்கும் அக்கா வண்டி கேட்டத் தாண்டாதுங்க. நம்ம வூட்டு வழக்கம் உங்களுக்குத் தெரியாததுங்களா?"

அப்படியொரு வழக்கம் இருப்பதை நான் அன்றுதான் கேள்விப்பட்டேன். மாட்டு வண்டிக் காலத்தில் இருந்திருக்கலாம். ஆள் இறந்துவிட்டால், பிள்ளை வந்து எடுக்கும்வரை அவருடைய வண்டியை வேறு யாரும் வாசல் தாண்ட விடக்கூடாதாம். மாட்டு வண்டியை அப்படி நிறுத்தி வைத்தால் ஒன்றும் ஆகாது. இவர்கள் அந்த வழக்கத்தைப் பெட்ரோல் எஞ்சினுக்கும் நீட்டித்தார்கள். அதனுடன், எஞ்சினைத் தினமும் எழுப்ப வேண்டும் என்ற இன்னொரு மூடநம்பிக்கையையும் சேர்த்துக் கட்டினார்கள். தனித்தனியாக இருந்திருந்தால் இரண்டுமே அவ்வளவு தீங்கு செய்திருக்காது. இரண்டையும் இணைத்தது என் மைத்துனரின் சொந்தக் கண்டுபிடிப்பு.

அந்தச் செயலின் முழு அபத்தமும் தெரிய வேண்டுமானால் எஞ்சினுக்குள் எண்ணெய் என்ன செய்கிறது என்பது தெரிந்திருக்க வேண்டும். இந்த வட்டாரத்தில் யாரைக் கேட்டாலும் "வண்டி ஓடறதுக்கு" என்பார்கள். பெட்ரோலுக்கும் இதே விடைதான்.

எஞ்சினுக்குள் பிஸ்டன் மேலும் கீழும் போய்வருகிறது. அது போய்வரும் குழல்தான் சிலிண்டர். இரண்டும் உலோகம். நேராகத் தொட்டுக்கொண்டால் ஒன்றையொன்று தின்றுவிடும். தொடாமல் காப்பது எண்ணெய். அது அங்கே தேங்கி நிற்பதில்லை. எஞ்சினின் அடித்தொட்டியில் கிடப்பதைப் பம்ப் மேலே தள்ளுகிறது. சுழலும் தண்டின் மூட்டுகளிலிருந்து அது தெறித்து, தூறல்போலச் சிலிண்டர் சுவரில் படிகிறது. பிஸ்டனைச் சுற்றி ரிங் எனப்படும் வளையங்கள் உண்டு. அடியிலுள்ள வளையம், படிந்ததில் மிகுதியை வழித்துக் கீழே அனுப்பிவிட்டு, தலைமுடியைக் காட்டிலும் பல மடங்கு மெல்லிய படலம் ஒன்றை மட்டும் விட்டுவைக்கிறது. மேலுள்ள வளையங்கள் அந்தப் படலத்தின் மேல் மிதந்து செல்கின்றன. மிதந்து என்ற சொல்லை யோசித்தே எழுதுகிறேன். ஓடும்போது உலோகம் உலோகத்தைத் தொடுவதே இல்லை.

சுவரை உற்றுப் பார்த்தால் நுண்ணிய குறுக்குக் கீறல்கள் தெரியும். புது எஞ்சினைத் திறந்து பார்க்கிறவர்கள் அதைத் தேய்மானம் என்று நினைத்துப் பதறுவார்கள். தொழிற்சாலையில் வேண்டுமென்றே போட்ட கீறல்கள் அவை. எண்ணெய் தங்குவதற்கான இடம். கண்ணாடிபோல வழவழப்பாக்கிய சுவரில் எண்ணெய் நிற்காது.

ஓர் இடத்தில் மட்டும் இந்த ஏற்பாடு பலவீனமானது. பிஸ்டன் உச்சிக்குப் போய், ஒரு கணம் நின்று, திரும்புகிறது. மிதப்பதற்கு வேகம் வேண்டும். நிற்கிற அந்தக் கணத்தில் படலம் நசுங்கிப்போகிறது. ஒட்டிக்கொண்டிருக்கிற ஏதோ கொஞ்சம் எண்ணெயை வைத்துக்கொண்டு சுவர் சமாளிக்க வேண்டும். எந்த எஞ்சினும் முதலில் தேய்வது அங்கேதான்.

இனி என் மைத்துனர் செய்ததைப் பார்க்கலாம். இரவெல்லாம் நின்ற எஞ்சினின் சுவரிலிருந்து எண்ணெயில் பெரும்பகுதி கீழே வழிந்திருக்கும். குளிர்ந்த எஞ்சின் கிளம்புவதற்குக் கூடுதலாகப் பெட்ரோல் வேண்டும், அதுவும் பீய்ச்சப்படும். சூடில்லாத சுவரில் பட்ட பெட்ரோல் முழுவதும் ஆவியாவதில்லை. மிச்சம் இருக்கிற எண்ணெயையும் கழுவிக்கொண்டு வளையங்களின் இடுக்கு வழியாக அடித்தொட்டிக்கு இறங்குகிறது. எண்ணெய் போன சுவரில், எண்ணெய் மேலே வந்து சேர்வதற்கு முன்பே, அவர் ஆக்சிலரேட்டரை அழுத்தி அலற விடுகிறார். பிறகு, எஞ்சின் சூடேறி அந்தப் பெட்ரோலையும், எரிந்ததில் உண்டாகிக் குளிர்ந்து தங்கிய நீரையும் ஆவியாக்கி வெளியே விரட்டும் முன்பே, அணைத்துவிடுகிறார். மறுநாளும் இதையே. அதற்கு மறுநாளும்.

என் மனைவி ஒருபோதும் அப்படிச் செய்ததில்லை. கிளப்பிவிட்டு, கண்ணாடியைத் துடைப்பாள். மருந்துப் பையைப் பின்னால் வைப்பாள். என்னிடம் ஏதாவது சொல்வாள். பிறகு மெல்ல நகர்த்துவாள். ஊர் எல்லை தாண்டும்வரை வேகம் எடுக்க மாட்டாள். நான் சொல்லிக் கொடுத்ததல்ல அது. குளிரில் படுத்திருக்கிற மாட்டை அடித்து எழுப்பக்கூடாது என்பது போன்ற ஏதோ ஓர் அறிவு. எப்படியிருந்தாலும் சரியான அறிவு. அந்தக் குடும்பத்தில் அவளோடு அது நின்றுவிட்டது.

மைத்துனரிடம் இதையெல்லாம் மூன்று வெவ்வேறு நாட்களில், மூன்று வெவ்வேறு முறைகளில் விளக்கினேன். மூன்று முறையும் "சரிங்க மாமா." மறுநாள் ஆறு மணிக்கு அலறல். சாவி அவரிடம் இருந்தது. அதை அவரிடம் கொடுத்தது என் மகள். பிடுங்கிக்கொள்வது என் இயல்பல்ல.

புரட்டாசியில் ஆயுத பூசை வந்தது. துக்க வீடு என்பதால் வண்டிக்குப் பூசை கிடையாது. பூசை போட முடியாத குறையைத் தீர்த்துக்கொள்ள மைத்துனர் காரைக் கழுவினார், துடைத்தார், முன்மூடியைத் திறந்தார், எண்ணெய் அளவு பார்க்கும் குச்சியை உருவினார். உருவியவர் அப்படியே நின்றுவிட்டார். துடைத்துவிட்டு மறுபடியும் விட்டு எடுத்தார். பிறகு பாதையைத் தாண்டிக் கேட்கும் குரலில் மனைவியைக் கூப்பிட்டார்.

"ஏய், இங்க வந்து பாரு! அக்கா வண்டியில ஆயில் ஏறியிருக்குது!"

குச்சியில் எண்ணெய், மேல் கோட்டைத் தாண்டி நன்றாக மேலே நின்றது. யாரும் ஊற்றவில்லை. பூட்டிய கொட்டகை. எண்ணெய் குறைந்த வண்டிகளை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். எண்ணெய் வளர்ந்த வண்டியை யாரும் பார்த்ததில்லை. கணவனும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்கள் முகத்தைக் கண்டதுமே இது எங்கே போய் முடியும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"அண்ணங்க, அண்ணி பூவும் பொட்டுமாப் போனவங்க" என்றார் மைத்துனரின் மனைவி, என்னைப் பார்த்து, தாழ்ந்த குரலில். "வூட்டுல வந்து நிக்கறாங்க. அதான் வளருது."

கணவன் இருக்கும்போதே இறந்த பெண்ணைப் பூவாடைக்காரி என்று தெய்வமாக வைத்துக் கும்பிடுவது எங்கள் பக்கத்துப் பழக்கம். புடவை வைப்பார்கள், பூ வைப்பார்கள், விளக்கேற்றுவார்கள். அதை நான் குறை கூறவில்லை. ஆனால் ஒரு கால்நடை மருத்துவர், மறைந்த பிறகு, எரியாத பெட்ரோலின் வடிவத்தில் காட்சி தருவார் என்ற கருத்து எனக்குப் புதிது.

அன்று மாலைக்குள் முன்மூடியில் மஞ்சளும் குங்குமமும் ஏறின. கண்ணாடித் துடைப்பானில் கதம்பம் சுற்றப்பட்டது. மறுநாள் முதல் ஆட்கள் வந்தார்கள். அவள் வைத்தியம் பார்த்த மாடுகளின் சொந்தக்காரர்கள்தான் பெரும்பாலும். மைத்துனர் கோவில் குருக்களைப்போலக் குச்சியை உருவிக் காட்டினார். ஒருவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அவருடைய பசு ஈன முடியாமல் சாகக் கிடந்தபோது அவள் போய்க் காப்பாற்றியிருக்கிறாள்.

"டாக்டரம்மா கை பட்ட எடமுங்க. வளராம என்ன பண்ணும்?" என்றவர், சற்று யோசித்துவிட்டு, "ஏனுங்க மாப்ள, எங்கூட்டு ட்ராக்டரு ஆயிலாக் குடிக்குது. இந்தக் குச்சிய ஒருநாளைக்குக் குடுத்தீங்கன்னா அதுல வுட்டுப் பாக்கலாமுங்களா?" என்று கேட்டார்.

"குச்சி கேட்டத் தாண்டாதுங்க" என்றார் என் மைத்துனர், கண்டிப்பாக.

இவ்விருவருமே சிரிக்கவில்லை என்பதைப் பதிவு செய்ய விரும்புகிறேன்.

நான் மெக்கானிக்கை வரவழைத்தேன். பாப்பிரெட்டிப்பட்டியில் அவர் பெயர் பெற்றவர். எதற்காக என்று எனக்குத் தெரியாது. என் சொல்லைவிட அவர் சொல்லுக்கு மைத்துனர் செவி கொடுப்பார் என்ற கணக்கில் அழைத்தேன். அவர் குச்சியைப் பார்த்தார், மோந்தார், நாக்கைச் சப்புக்கொட்டினார்.

"ஆயில் ஏர்ற வண்டிய இப்பதாங்க சார் மொத மொத பாக்கறேன். எஞ்சின் ஜோரா இருக்குது. மேல இருக்கறத உறிஞ்சி எடுத்துட்டா என் ஸ்கூட்டருக்கு ஆவும்."

"அதுல பெட்ரோல் கலந்திருக்கு."

"கலந்திருக்கட்டுமுங்க. என் ஸ்கூட்டருக்கும் பெட்ரோலுதானே?"

இவரிடம் இந்தத் தாலுகாவின் எஞ்சின்கள் எல்லாம் ஒப்படைக்கப்பட்டிருக்கின்றன. நான் அவருக்குக் காப்பி கொடுத்து அனுப்பிவைத்தேன்.

அன்று மாலை மைத்துனரை வீட்டுக்குள் அழைத்தேன். மேசையில் ஓர் எவர்சில்வர் தட்டை, ஒரு பக்கம் சற்றே உயர்த்தி வைத்திருந்தேன். அவள் வாங்கி வைத்திருந்த புதிய எண்ணெய்க் குப்பியிலிருந்து ஒரு கரண்டி. காரிலிருந்து எடுத்தது ஒரு கரண்டி. இரண்டையும் தட்டின் மேல் விளிம்பில் பக்கத்தில் பக்கத்தில் ஊற்றினேன். புதியது அவசரமில்லாமல், தன் வழியெல்லாம் தடித்த பளபளப்பு ஒன்றை விட்டுக்கொண்டு இறங்கியது. காரில் இருந்தது தண்ணீராக ஓடி, தட்டைத் தாண்டி, மைத்துனரின் வேட்டியில் சொட்டியது.

"மோந்து பாருங்க மாப்ளே."

மோந்தார். "பெட்ரோல் வாசமுங்க."

"ஆமா."

"கார்ல பெட்ரோல் வாசம் வராம பன்னீர் வாசமுங்களா மாமா வரும்?"

அவருடைய மனைவி வாசற்படியிலிருந்து சிரித்தார். நான் சிரிப்பு அடங்கக் காத்திருந்தேன். பிறகு தொடர்ந்தேன். தினமும் காலையில் அவர் எஞ்சினை எழுப்பியபோது பீய்ச்சிய பெட்ரோல்தான் கீழே இறங்கி எண்ணெயோடு சேர்ந்திருக்கிறது. அதனால்தான் அளவு ஏறியது. ஏற ஏற எண்ணெய் நீர்க்கிறது. நீர்த்த எண்ணெயால் படலம் கட்ட முடியாது. பிஸ்டன் சுவரைத் தொடத் தொடங்கிவிட்டது, அல்லது தொடங்கப்போகிறது. இப்படியே போனால் தையில் மகள் வந்து எடுத்துக்கொண்டு போவதற்கு இரும்புக் கடைச் சரக்குதான் இருக்கும். இவ்வளவையும் குரலை உயர்த்தாமல் கூறினேன்.

அவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். வழக்கமான தலையாட்டல் வரவில்லை. பிறகு கேட்டார்:

"அப்ப அது அக்கா இல்லீங்களா?"

"இல்ல. பெட்ரோல்."

தேர்வுத்தாளில் தவறான விடையைத் திருத்துகிற குரலில்தான் சொன்னேன். வேறு குரல் என்னிடம் இருந்திருக்குமானால் அதை அப்போது தேடவில்லை. அவர் எழுந்தார். வேட்டியில் சொட்டிய இடத்தைக் கையால் பிடித்துக்கொண்டு, பாதையைக் கடந்து தன் வீட்டுக்குப் போனார்.

மறுநாள் ஆறு மணிக்குச் சத்தம் இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை. நான் கேட்டதுதான் நடந்தது. அந்த நேரத்தில் விழித்துக்கொண்டு படுத்திருந்தேன்.

மூன்றாம் நாள் அவரே வந்தார். முகம் மழிக்கப்படாமல் இருந்தது.

"பாப்பாவுக்கு நான் என்னங்க மாமா சொல்லுவேன்? என்ன நம்பித்தானே குடுத்துட்டுப் போச்சு. இன்னும் வழி இருக்குதுங்களா, இல்ல போயே போச்சுங்களா?"

வழி இருந்தது. முதலில் எண்ணெயை முழுவதும் வடித்துவிட்டுப் புதியது ஊற்ற வேண்டும். அதை அந்த மெக்கானிக்கே செய்தார். திருகைக் கழற்றத் தெரிந்தால் போதுமான வேலை. எண்ணெய் ஊற்றும் மேல் மூடியின் உட்புறம் மோர் தெளித்ததுபோல் வெளுத்த பசை படிந்திருந்தது. குளிர்ந்து தங்கிய நீரின் கைங்கரியம். வடித்த எண்ணெயைக் குடத்தில் பிடித்துப் பூசையறையில் வைத்துக்கொள்ளட்டுமா என்று மைத்துனரின் மனைவி கேட்டார். பெட்ரோல் கலந்ததை விளக்குக்குப் பக்கத்தில் வைத்தால் பூவாடைக்காரி வீட்டையும் சேர்த்துக் கொண்டுபோவாள் என்று பதில் கூறினேன். அவர் அதன் பிறகு ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. எனக்கு அது குறையாகப் படவில்லை.

அடுத்ததுதான் சிக்கல். இடுக்குகளில் மிச்சமிருக்கிற ஈரமும் பெட்ரோலும் போக வேண்டுமானால் கார் நின்ற இடத்தில் ஓடினால் போதாது. எண்ணெய் நன்றாகச் சூடேறும்வரை சாலையில் தொலைதூரம் ஓட வேண்டும். அப்படி ஓடும்போதுதான் சிலிண்டர் சுவருக்கு என்ன சேதம் ஆகியிருக்கிறது என்பதும் தெரியும். சுவரும் வளையங்களும் தேய்ந்திருந்தால் எண்ணெய் மேலேறி எரியும். புகை நீலமாக வரும். அதாவது, கார் வெளிக்கதவைத் தாண்டியாக வேண்டும்.

"அது மட்டும் வேணாமுங்க மாமா" என்றார். கெஞ்சுகிற தொனி. "எங்கக்கா இல்லாம..."

அவரோடு தர்க்கம் பேசிப் பயனில்லை என்பதை அதற்குள் கற்றிருந்தேன். அவருக்குப் புரிகிற மொழியில் ஒரு வாதத்தை அமைத்தேன். வாழ்க்கையில் அப்படியொரு வாதத்தை நான் அமைத்தது அதுவே முதல் முறை. கடைசி முறையாகவும் இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

"அவ தீர்த்தமலைக்கு எப்போ போனாலும் இடப்பக்கம் நான்தான் உட்கார்ந்திருந்தேன். இப்பவும் நான் உட்கார்றேன். நான் இருந்தா பாதி அவ இருக்கற மாதிரிதானே?"

அவர் யோசித்தார். அந்த வாதத்தில் இருந்த ஓட்டைகள் எனக்கு ஒன்றொன்றாகத் தெரிந்துகொண்டிருந்தன. அவருக்கு ஒன்றும் தெரியவில்லை.

"நீங்க வந்தீங்கன்னா சரிங்க மாமா."

ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளம்பினோம். நான் இடப்பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தேன். ஆனியிலிருந்து அந்தக் காருக்குள் நான் ஏறியிருக்கவில்லை. வலப்பக்கம் அவர் ஏறினார். ஏறினார் என்பதைவிடத் தன்னை உள்ளே திணித்துக்கொண்டார் என்பதே சரி. என் மனைவி குட்டையானவள். இருக்கையை முடிந்தவரை முன்னால் இழுத்துப் போட்டுத்தான் ஓட்டுவாள். அது அப்படியே இருந்தது. மைத்துனரின் முழங்கால்கள் ஸ்டீயரிங்குக்கு இருபுறமும் ஏறி நின்றன. வயிறு அதன் அடியில் நசுங்கியது. தலை கூரையை முட்டாமலிருக்கச் சாய்ந்திருந்தது. மாதக்கணக்கில் ஒவ்வொரு காலையும் இந்தக் கோலத்தில்தான் உட்கார்ந்து எஞ்சினை எழுப்பியிருக்கிறார். நான் சத்தத்தை மட்டுமே கேட்டிருந்தேன்.

"சீட்டைப் பின்னாடி தள்ளிக்குங்க. கீழ ஒரு கம்பி இருக்கும்."

"தெரியுமுங்க. வேணாமுங்க மாமா. அக்கா வெச்சது."

"இப்படி உட்கார்ந்து நாப்பது கிலோமீட்டர் ஓட்ட முடியாது."

"ஓட்டறனுங்க."

நான் மேற்கொண்டு வற்புறுத்தவில்லை. கிளப்பியதும் வழக்கம்போல அவருடைய கால் அழுத்தப்போனது. நான் பார்த்தேன். கால் நின்றது. காத்திருந்தார். காத்திருக்கும் நேரத்தில் என்ன செய்வது என்று தெரியாமல், கண்ணாடியைத் துண்டால் துடைத்தார்.

அந்தப் பயணத்தைப் பற்றி நல்லதாக எதையும் சொல்வதற்கில்லை. முழங்கால் தடுத்ததால் அவரால் கிளட்சை முழுவதும் மிதிக்க முடியவில்லை. ஒவ்வொரு கியரும் முனகிக்கொண்டே விழுந்தது. ட்ராக்டர் ஓட்டிய கைகள் அந்தச் சிறிய ஸ்டீயரிங்கைப் பிடுங்குவதுபோல் திருப்பின. சிறிது தூரம் வெள்ளையாகப் புகை வந்தது. அது நீராவி, எதிர்பார்த்ததுதான். அரூரைத் தாண்டும்போது எஞ்சினின் சூட்டைக் காட்டும் முள் தன் இடத்துக்கு வந்து நின்றது. அதற்குப் பிறகும் வெகுதூரம் ஓட்டச் சொன்னேன். தீர்த்தமலை கண்ணுக்குத் தெரியத் தொடங்கிய ஓர் இறக்கத்தில், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்கச் சொன்னேன். கார் தானாக இறங்கியது. இறக்கம் முடிந்ததும், "இப்போ அழுத்துங்க" என்றேன். வளையங்கள் தேய்ந்திருந்தால் அந்தக் கணத்தில்தான் நீலப்புகை கக்கும். நான் கண்ணாடியைத் திருப்பி என் பக்கம் வைத்துக்கொண்டு பின்னால் பார்த்தேன்.

"என்னங்க மாமா தெரியுது?" சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார். "மாமா, என்னங்க தெரியுது?"

சாலை தெரிந்தது. வெயில் தெரிந்தது. புகை இல்லை.

"ஒண்ணும் இல்ல" என்றேன். "நல்லா இருக்குது."

அவர் காரை ஓரமாக நிறுத்திவிட்டு, இறங்க வழியில்லாமல் சிறிது நேரம் ஸ்டீயரிங்குக்கும் இருக்கைக்கும் நடுவில் அப்படியே இருந்தார். தோள்கள் குலுங்கின. நான் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஒருவர் அழுதால் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு எனக்குப் பயிற்சி இல்லை; அந்தப் பகுதியை எங்கள் வீட்டில் அவள்தான் கவனித்துக்கொண்டாள். அவர் ஓயும்வரை காத்திருந்து, பிறகு, திரும்பும்போது மூன்றாவது கியரில் அவ்வளவு நேரம் இழுக்க வேண்டாம் என்று மட்டும் கூறினேன்.

"சரிங்க மாமா" என்றார். திரும்பும்போதும் மூன்றாவதிலேயே இழுத்தார்.

அதன் பிறகு ஞாயிறுதோறும் அப்படிப் போய்வந்தோம். குச்சியில் எண்ணெய் கோட்டுக்குள் நின்றது. கும்பிட வந்தவர்கள் குறைந்துபோனார்கள். கூடவும் இல்லாத, குறையவும் இல்லாத எண்ணெயைப் பார்ப்பதற்கு யார் வருவார்கள்?

தையில் மகள் வந்தாள். பயணக் களைப்போடு நேராகக் கொட்டகைக்குத்தான் போனாள். நாங்கள் இருவரும் பின்னால் போனோம். கதவைத் திறந்து ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தாள். அவளும் அம்மாவின் உயரம். கால்கள் மிதிகளில் பொருந்தின. கைகள் ஸ்டீயரிங்கில் பொருந்தின. கீழே கையை விட்டு இருக்கைக் கம்பியைத் தொட்டவள், இழுக்க வேண்டிய தேவை இல்லை என்று கண்டு, கையை எடுக்காமல் அப்படியே வைத்திருந்தாள்.

"யாரும் இதை மாத்தவே இல்லியா?" என்று கேட்டாள்.

என் மைத்துனர் தன் பருத்த முழங்காலைத் தடவிக்கொண்டு கூரையைப் பார்த்தார்.

அவள் பெங்களூருக்குக் கிளம்பிய காலையில் நான் வெளிக்கதவைத் திறந்துவிட்டேன். எஞ்சின் கிளம்பியது, அவள் காத்திருந்தாள், என்னிடம் ஏதோ சொன்னாள், பிறகு மெல்ல நகர்த்தினாள். கார் கதவருகே வந்தபோது மைத்துனர் ஓடிவந்து கண்ணாடியைத் தட்டினார். அவள் இறக்கினாள்.

"கண்ணு, அங்க போயி வண்டிய சும்மா நிறுத்தி வெச்சிராத. லீவு நாளாயிருந்தாலும் காலைல எந்திரிச்சு ஒருக்கா உறும வுட்டுரு. என்ன?"

"சரிங்க மாமா" என்றாள் என் மகள், தலையாட்டி. அந்தத் தலையாட்டலை எனக்கு நன்றாகத் தெரியும்.

கார் போனது. புகை ஏதும் இல்லை. நான் வெளிக்கதவை மூடினேன்.